ஒரு பைல்டிரைவரின் விலை

தொழில்முறை ரெஸ்லிங்கில் எதிராளியைக் குனிய வைத்து, அவன் தலையைத் தன் தொடைகளுக்கு நடுவில் கவ்வி, இடுப்பைக் கட்டித் தலைகீழாகத் தூக்கி, தூக்கிய கையோடு தொப்பென்று உட்கார்ந்தால் அது பைல்டிரைவர். உச்சந்தலை தரையில் குத்தியதுபோலத் தெரிய வேண்டும்; குத்தக் கூடாது. வாங்குகிறவனின் உச்சந்தலை, போடுகிறவனின் தொடை அடிமட்டத்துக்கு நாலு விரல்கடையாவது மேலே நிற்க வேண்டும். தொடைகள் இருபுறமும் இறுக அணைத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் தரையில் முதலில் மோதுவது போடுகிறவனின் புட்டம்தான், தலை அந்தரத்திலேயே நின்றுவிடும். அமெரிக்க ரெஸ்லர் அண்டர்டேக்கர் போட்டுவந்த டூம்ஸ்டோன் என்ற வகையில் இருவர் வயிறும் ஒட்டியிருக்கும். அவர் உட்கார மாட்டார், முட்டி போடுவார். அங்கே அடியை வாங்கிக்கொள்வது அவருடைய இரண்டு முட்டிகள். தூக்கியவனின் பிடி வியர்வையில் வழுக்கி, தலை தொடைக்குக் கீழே கொஞ்சம் இறங்கிவிட்டால் போதும், இரண்டு பேர் எடையும் ஒரு கழுத்தில் இறங்கும்.

எந்த ரெஸ்லிங் கம்பெனி உசத்தி என்ற வழக்கில் ஆட்கள் பெயர்களை அடுக்குவார்கள். ஒருவர் அமெரிக்காவின் ஹோகன் என்பார், ஒருவர் ஜப்பானின் மிசாவா என்பார், இன்னொருவர் மெக்சிகோவின் எல் சாண்டோ என்பார். விடிய விடியப் பேசினாலும் தீராது. இதைவிட உருப்படியான கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் ஒரு பைல்டிரைவர் என்ன விலை? அதை வாங்கியவன் எவ்வளவு நேரம் எழாமல் கிடக்கிறான், ரெஃபரி என்ன செய்கிறார், கூட்டம் பதறி எழுகிறதா, கொறித்துக்கொண்டே பார்க்கிறதா? இந்த விலையை எப்படிக் கட்டிக் காக்கிறார்கள் என்பதில்தான் ஒரு கம்பெனியின் மொத்தப் பாணியும் இருக்கிறது.

மெக்சிகோவில் அது குற்றம். அங்கே பெயர் மார்டினெட்டே. சி.எம்.எல்.எல். கம்பெனியின் மேடையில் ஒருவன் அதைப் போட்ட அந்த நொடியே தோற்றான். ரெஃபரி கையசைத்துத் தகுதிநீக்கம் செய்வார், வாங்கியவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போவார்கள். பல வாரக் கோபத்துக்கு அந்த ஒரு பிடி போதும். 1933 செப்டம்பரில் சால்வடோர் லுட்டெரோத் தொடங்கிய கம்பெனி இது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ரெஸ்லிங் கம்பெனிகளில் உலகிலேயே மூத்தது. 1956-இல் திறந்த அரீனா மெக்சிகோவில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் லூச்சா லீப்ரே என்கிற மெக்சிகோ ரெஸ்லிங்தான். இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம், அங்கே விலைப்பட்டியலை யாரும் சட்டென்று மாற்றுவதில்லை.

அங்கே இன்னும் சில விதிகள் நமக்குப் பழக்கமில்லாதவை. பெரும்பாலான ஆட்டங்கள் மூன்று பேருக்கு மூன்று பேர், மூன்று சுற்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு கேப்டன். சுற்றை வெல்ல கேப்டனைச் சாய்க்க வேண்டும், இல்லையென்றால் மற்ற இருவரையும் சாய்க்க வேண்டும். கூட்டாளியின் கையைத் தொட்டுத்தான் மாற வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உள்ளே இருப்பவன் ரிங்கைவிட்டு வெளியே விழுந்தால் அடுத்தவன் நேரே உள்ளே வரலாம். லூச்சாவின் வேகம் அந்த வெறும் விதியிலிருந்து பிறக்கிறது. தொடுவதற்காகத் தவழ்ந்துபோகும் அமெரிக்கச் சோகக் காட்சிக்கு அங்கே இடமே இல்லை. முதல் சுற்றும் இரண்டாவது சுற்றும் விறுவிறுவென முடியும், மூன்றாவதில்தான் நின்று ஆடுவார்கள். இடுப்புக்குக் கீழே அடித்தால் தகுதிநீக்கம். பீமன் துரியோதனன் தொடையில் அடித்த கதையைக் கூத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ரூடோ ரெஃபரியின் கண்ணை மறைத்துக் கீழே அடிக்கும்போது அரங்கம் ஏன் கொதிக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

ரூடோ என்றால் முரடன், டெக்னிகோ என்றால் விதிப்படி ஆடுகிறவன். இருவருமே பிடிகளைப் பொதுவாக எதிராளியின் வலதுபக்கத்தில் போடுவார்கள். உலகத்தின் மற்ற இடங்களில் இடது பக்கம். டெக்ஸாஸிலிருந்தோ டோக்கியோவிலிருந்தோ வருகிறவன் முதல் வாரம் தடுமாறுவது இதில்தான். கை நீட்ட வேண்டிய நேரத்தில் தப்பான கையை நீட்டுவான், எதிராளி காற்றைப் பிடிப்பான்.

ரிங்கும் வேறு. எந்த ஊரானாலும் அடிப்படை ஒன்றுதான்: இரும்புச் சட்டம், குறுக்கு விட்டங்கள், அதன்மேல் மரப்பலகை, பலகைமேல் மெல்லிய ஃபோம், ஃபோம்மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். மெக்சிகோ ரிங்குகள் கெட்டியானவை, கொடுப்பு குறைவு. அமெரிக்காவில் கற்றுத்தரும் முதல் பாடம் முதுகால் விழுவது. மோவாயை நெஞ்சோடு ஒட்டு, பார்வை தொப்புளில் இருக்கட்டும், தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள மேல்முதுகு முழுப் பரப்பாக ஒரே நேரத்தில் படட்டும், இரண்டு கைகளும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி உள்ளங்கை கீழாகத் தரையில் அறையட்டும், மூச்சை வெளியே விடு. கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். மோவாயைத் தூக்கினால் பிடரி அடிக்கும். இதற்குத்தான் பம்ப் என்று பெயர். கெட்டித் தரையில் இதை ஒரே இரவில் முப்பது தடவை செய்தால் முதுகு தாங்காது. அதனால் லூச்சா ஆள் முதலில் கற்பது உருளல். கையைப் பிடித்து வீசினால் தோளில் உருண்டு எழுவான். விசை ஒரே புள்ளியில் இறங்காமல் உருண்டோடிவிடும். பார்க்க நடனம்போல இருக்கும், உள்ளே இருப்பது எலும்பைக் காப்பாற்றும் கணக்கு.

கயிற்றுக்கு நடுவே பாய்ந்து வெளியே நிற்பவன்மேல் விழும் டோப்பேயில் பாய்கிறவனைவிடப் பிடிக்கிறவனுக்குத்தான் பொறுப்பு அதிகம். நேருக்கு நேர் நின்று, இரண்டு கைகளையும் நெஞ்சளவில் உயர்த்தி, வருகிறவனின் உடம்பை வாங்கிக்கொண்டு அவனோடு சேர்ந்தே சாய வேண்டும். பயத்தில் ஓர் எட்டு பின்வாங்கினால் பாய்ந்தவன் நேரே தரைக்குப் போவான்.

ஆனால் மெக்சிகோவில் எல்லாவற்றையும்விட விலை கூடியது முகமூடி. பின்னால் நாடா போட்டுக் கட்டிய ஒரு துணி. ஆட்டத்தில் அதைப் பிய்த்து எடுத்தால் எடுத்தவனுக்குத் தோல்வி. பந்தய ஆட்டத்தில் தோற்றால் ஆயுளுக்கும் போட முடியாது. 2000 மார்ச் 17 அன்று அரீனா மெக்சிகோவில் அட்லாண்டிஸிடம் தோற்ற வில்லானோ மூன்றாமவர், ஏறக்குறைய முப்பது வருடம் அணிந்திருந்த முகமூடியைக் கழற்றினார். தோற்றவர் தன் சொந்தப் பெயரையும் ஊரையும் எத்தனை வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார் என்பதையும் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது மரபு. எல் சாண்டோ அந்த நிலைக்கே போகவில்லை. 1984-இல் இறந்தபோது வெள்ளி முகமூடியோடுதான் புதைத்தார்கள். இப்படி ஒரு சொத்து கையில் இருக்கும்போது கழுத்தை உடைத்து ஆட்டத்தைச் சூடேற்ற வேண்டிய தேவை அந்தக் கம்பெனிக்கு இல்லை.

அமெரிக்காவில் விலை ஊருக்கு ஊர் மாறியது. மெம்பிஸில் பைல்டிரைவருக்குத் தடை இருந்தது. 1982 ஏப்ரல் 5 அன்று நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மனோடு மோதிய ஜெரி லாலர், பைல்டிரைவர் போட்டதற்காகத் தோற்றார். காஃப்மன் அதன்பிறகு கழுத்துப்பட்டையோடு ஊரெல்லாம் சுற்றினார், தொலைக்காட்சிக்கும் அதோடே போனார். ஒரு பிடியின் மதிப்பை ரிங்குக்கு வெளியே பல மாதம் காப்பாற்றிய வித்தை அது.

டபிள்யூ டபிள்யூ எஃப் (2002-இல் பெயரை மாற்றிய பிறகும் நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது டபிள்யூ டபிள்யூ எஃப்தான், டிரம்ப் கார்டு விளையாடிய தலைமுறைக்குக் கேட்கவே வேண்டாம்) இந்த விஷயத்தில் தனி வழி எடுத்தது. வாராவாரம் டிவி, மாதாமாதம் கட்டணக் காட்சி. ஒவ்வொரு வாரமும் உடம்பால் விலை கொடுத்தால் ஆறு மாதத்தில் ஆளே மிஞ்ச மாட்டான். அதனால் விலையை வாயால் ஏற்றினார்கள். 1987 மார்ச்சில் ரெஸில்மேனியா என்ற அவர்களுடைய பெரிய நிகழ்ச்சியின் மூன்றாம் பதிப்பில் ஹல்க் ஹோகன் ஆண்ட்ரே தி ஜயண்டைத் தூக்கிப் போட்டது வெறும் பாடிஸ்லாம். எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் பிடி. ஆனால் ஆண்ட்ரேவை யாருமே தூக்கியதில்லை என்று வாரக்கணக்கில் சொல்லிச் சொல்லி ஏற்றியிருந்தார்கள் (அது உண்மையல்ல, முன்பே தூக்கியிருக்கிறார்கள்). ஆட்டத்தின் தொடக்கத்தில் ஹோகன் தூக்க முயன்று, எடை தாங்காமல் சரிந்து, ஆண்ட்ரே அவர்மேலேயே விழ, தோற்கப் பார்த்தார். கடைசியில் தூக்கினார், கம்பெனி அறிவித்த கணக்குப்படி 93,173 பேர் கத்தினார்கள். உடம்புக்கு மலிவு, கூட்டத்துக்குக் கொள்ளை விலை. இந்தச் சூத்திரத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினின் ஸ்டன்னர், ராண்டி ஆர்ட்டனின் ஆர்கேஓ என்ற பிடிகள் எல்லாமே அதே கணக்கில் வந்தவை. யாருக்கும் போடலாம், எந்த எடைக்கும் போடலாம், எங்கிருந்து வேண்டுமானாலும் போடலாம், வாங்குகிறவன் தன் பம்பைத் தானே எடுத்துக்கொள்வான். மீதி நாடகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ரெஃபரியின் காதில் இயர்ஃபோன் இருக்கும். விளம்பரத்துக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று உள்ளேயிருந்து சொல்லுவார்கள், அவர் குனிந்து அடிபட்டவனை விசாரிப்பதுபோல அதைக் கடத்துவார். நிஜமாகவே அடிபட்டால் இரண்டு கைகளையும் தலைக்குமேல் பெருக்கல் குறிபோலக் காட்டுவார்.

1997 ஆகஸ்ட் 3, அதே கம்பெனியின் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி. ஓவன் ஹார்ட் ஸ்டீவ் ஆஸ்டினை வயிற்றோடு வயிறாகத் தலைகீழாகத் தூக்கினார். முட்டி போடவில்லை, உட்கார்ந்தார். ஆஸ்டினின் தலை தொடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. முதல் பத்தியில் சொன்ன அந்த நாலு விரல்கடை இல்லை. ஆஸ்டினுக்குக் கைகால் அசையவில்லை. திட்டப்படி ஆஸ்டின் ஜெயித்துப் பட்டம் வாங்க வேண்டும். ஓவன் அவரைத் தொடாமல் ரிங்கில் நடந்து, கூட்டத்தைச் சீண்டி, நேரத்தைக் கடத்தினார். கொஞ்சம் உணர்வு திரும்பியதும் ஆஸ்டின் தவழ்ந்துபோய்ப் பின்னாலிருந்து ஓவனின் காலைச் சுற்றி இழுத்து ஒப்புக்கு உருட்டினார், ரெஃபரி மூன்று எண்ணினார். அந்த வீடியோவைப் பாருங்கள். ரெஸ்லிங் சரித்திரத்திலேயே அழகில்லாத முடிவு அதுதான், அதைப்போல நெஞ்சை அடைக்க வைப்பதும் வேறில்லை.

பின்வந்த வருடங்களில் அந்தக் கம்பெனியில் பைல்டிரைவர் ஏறக்குறைய ஒழிந்தது. டூம்ஸ்டோனை அண்டர்டேக்கருக்கும் கேன் என்ற ரெஸ்லருக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள். 2013 பிப்ரவரியில் சிஎம் பங்க் ஜான் சீனாவுக்கு ஒன்று போட்டபோது அரங்கம் அலறியது. தடைதான் விலையை ஏற்றியது, மெக்சிகோவில் போலவே. ஆனால் மெக்சிகோவில் அது மரபு, இங்கே விபத்து.

இனி ஜப்பான். இங்கேதான் என் தராசு ஒருபக்கம் சாயும். 1990-களின் ஆல் ஜப்பான் கம்பெனியைவிட நல்ல ரெஸ்லிங்கை எந்தக் கம்பெனியும் தந்ததில்லை என்பதே என் முடிவு. அதைப் பார்த்து ரசிப்பது வரவர எனக்குக் கஷ்டமாகவும் இருக்கிறது.

ஜயண்ட் பாபா 1972-இல் தொடங்கிய கம்பெனி இது. 80-களின் இறுதிக்கு மேல் அங்கே பெரிய ஆட்டங்கள் தகுதிநீக்கத்திலோ, ரிங்குக்கு வெளியே போனவன் திரும்பாமல் ரெஃபரி எண்ணி முடித்தோ, யாரோ ஓடிவந்து கலைத்தோ முடிவதில்லை. சுத்தமான முடிவு மட்டும். ரசிகனுக்கு இதைவிட நேர்மையான கம்பெனி கிடைக்காது. ஆனால் கணக்கைப் பாருங்கள். தப்பிக்க வேறு வாசல் இல்லையென்றால், முன்னணி ஆட்கள் எல்லோரும் பிடியால்தான் தோற்க வேண்டும். தோற்கிறவனின் மானமும் கெடக் கூடாது. எனவே அவன் போன தடவை தோற்ற பிடியிலிருந்து இந்தத் தடவை ரெஃபரி மூன்று எண்ணி முடிக்குமுன், இரண்டே முக்காலில் தோளைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். ஒரு பவர்பாம் (உயரத் தூக்கி முதுகு படத் தரையில் அறைவது) போதுமாக இருந்த இடத்தில் இரண்டு, பிறகு மூன்று. கண்முன்னே விலைவாசி ஏறியது.

அந்த ஏற்றத்தை அவர்கள் நடத்திய விதம் இருக்கிறதே, அது கலை. 1995 ஜூன் 9, மிசாவாவும் கோபாஷியும் ஒருபக்கம், கவாடாவும் டாவேயும் எதிர்ப்பக்கம். 42 நிமிடத்துக்கு மேல் போன ஆட்டம். கோபாஷியின் காலில் கட்டு. எதிரணி அந்தக் காலை விடவே இல்லை. கடைசிப் பகுதியில் மிசாவா எழ முடியாமல் கிடக்கிறார், கவாடாவும் டாவேயும் முடிக்க வருகிறார்கள். நடக்க முடியாத கோபாஷி ஊர்ந்துவந்து மிசாவாமேல் குப்புறப் படுத்து, அவருக்கு விழ வேண்டிய அடிகளைத் தன் முதுகில் வாங்குகிறார். அவரை இழுத்துப் போட்டுவிட்டுக் கவாடா மிசாவாவைப் பவர்பாமில் சாய்க்கிறார். பள்ளிக்கூடத்து ஜூனியரான கவாடா மிசாவாவை மூன்று எண்ணிக்கைக்குத் தரையில் வைத்தது அதுவே முதல் தடவை. அதை விளக்க ஒரு வசனமும் இல்லை, அரங்கத்துக்குத் தேவைப்படவும் இல்லை.

விலைவாசியின் உச்சியில் இரண்டு பிடிகள் இருந்தன. மிசாவாவின் டைகர் டிரைவர் 91: எதிராளியின் இரு கைகளையும் பின்னால் பூட்டித் தூக்கி, தலையும் கழுத்தும் தரையைப் பார்க்க இறக்குவது. கைகள் பூட்டியிருப்பதால் வாங்குகிறவன் எதையும் ஊன்றித் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. கோபாஷியின் பர்னிங் ஹாம்மர் இன்னும் மோசம், வாழ்நாளில் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான் போட்டார். இவை இருக்கும்போது பைல்டிரைவர் என்ன விலைக்குப் போகும்? ஆட்டத்தின் நடுவில் வந்து போகிற ஒன்று. வாங்கியவன் எழுந்து திருப்பி அடிப்பான். மெக்சிகோவில் ஆம்புலன்ஸ் கூப்பிடும் பிடி, டோக்கியோவில் சில்லறை.

2000-இல் மிசாவா ஆட்களோடு வெளியேறி நோவா என்ற கம்பெனியைத் தொடங்கினார், பாணியும் கூடவே போனது. 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், தன் 47-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு, ரிங்கிலேயே சுருண்டார். கழுத்துத் தண்டுவடம் அறுந்திருந்தது. கடைசியாக வாங்கியது ஒரு பேக் சூப்ளெக்ஸ், பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பின்பக்கமாகச் சாய்த்துப் போடுவது. யார் வேண்டுமானாலும் எந்த இரவிலும் போடும் சாதாரணப் பிடி, போட்டவர் மேலும் தவறில்லை. இருபது வருடமாக அந்தக் கழுத்து கட்டிவந்த கடனில் கடைசித் தவணை என்றுதான் அதை நான் பார்க்கிறேன்.

பிரிட்டனைப் பற்றி ஒரு பத்தி போதும், ஆனால் தவிர்க்க முடியாது. அங்கே டிவியில் 1955 முதல் 1988 வரை ஓடிய ரெஸ்லிங் குத்துச்சண்டைபோலச் சுற்றுகளாக நடக்கும். இரண்டு வீழ்ச்சியோ ஒரு நாக்-அவுட்டோ வேண்டும். தப்பு செய்தால் ரெஃபரி மைக்கில் பகிரங்க எச்சரிக்கை கொடுப்பார், மூன்றாவதில் வெளியேற்றம். கீழே விழுந்தவனை எழும்வரை அடிக்கக் கூடாது. ஆகவே கலை முழுதும் கைமூட்டுப் பிடியிலும் அதிலிருந்து நழுவுவதிலும் குவிந்தது. ஜானி செயின்ட் உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு உட்கார, எதிராளி எங்கே பிடிப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவார். பிறகு பிக் டாடி என்ற பருத்த நாயகரின் காலம். கூட்டாளி அடிவாங்க, இவர் வந்து வயிற்றால் முட்டி ஒரே தடவை மேலே விழுந்து முடிப்பார். அப்போதே சரக்கு தீர்ந்துவிட்டது.

ஆனால் அதே நாட்டின் விகன் ஊரில் பில்லி ரைலியின் கொட்டகையில், நிஜமாகவே மூட்டைக் கழற்றும் கேட்ச் ரெஸ்லிங் பழக்கினார்கள். அங்கே பயின்ற கார்ல் காட்ச் ஜப்பானுக்குப் போய் அந்தோனியோ இனோகிக்குக் கற்றுக்கொடுத்தார். பாபா கம்பெனி தொடங்கிய அதே 1972-இல் இனோகி தொடங்கியது நியூ ஜப்பான். ஸ்ட்ராங் ஸ்டைல் என்று அவர்கள் சொல்வதன் வேர் விகனில் இருக்கிறது. அதற்கும் விலை உண்டு. 2017 ஏப்ரலில் அந்தக் கம்பெனியின் ஷிபாட்டா, எதிராளி ஒகாடாவின் நெற்றியில் நிஜமாகவே தலையால் மோதினார். பிறகு ஷிபாட்டாவுக்கு மண்டைக்குள் ரத்தக்கசிவுக்காக அறுவைசிகிச்சை.

இருந்தாலும் நியூ ஜப்பான் ஒரு விஷயத்தில் எல்லோரையும்விடப் புத்திசாலி. ஆல் ஜப்பான் உச்சியில் ஏற்றிக்கொண்டே போனதை, இவர்கள் ஒவ்வொரு இரவும் அடிமட்டத்துக்கு இறக்கி மறுபடி தொடங்குகிறார்கள். டோஜோ என்ற பயிற்சிக்கூடத்தில் தங்கிப் பாத்திரம் கழுவி, நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம்போன்ற ஸ்குவாட் போட்டு வளரும், ‘இளம் சிங்கங்கள்’ என்று அழைக்கப்படும் பயிற்சிப் பையன்கள்தான் முதல் ஆட்டம். கறுப்பு ஜட்டி, கறுப்பு பூட்ஸ், வேறு அலங்காரம் கிடையாது. பைல்டிரைவர் கிடையாது, மேல்கயிற்றிலிருந்து வித்தை கிடையாது. முன்கை அடி, பாடிஸ்லாம், டிராப்கிக், கடைசியில் பாஸ்டன் கிராப். எதிராளியின் இரு கால்களையும் அக்குளில் இடுக்கி, அவனைக் குப்புறப் புரட்டி, முதுகின்மேல் குந்தி உட்காரும் பழைய பிடி. அன்றிரவு கடைசி ஆட்டத்தில் அதை யாராவது போட்டால் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இங்கே, கூட்டம் இன்னும் இருக்கை தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், இருபது வயதுப் பையன் ஒருவன் முழங்கையால் தரையை இழுத்து இழுத்துக் கயிற்றை நோக்கி ஊர்வான். இன்னும் ஒரு சாண் இருக்கும். மேலே இருப்பவன் அவனை மறுபடி நடுவுக்கு இழுத்துப்போய், இன்னும் ஆழமாகக் குந்துவான். பையன் தரையைத் தட்டுவான்.